மருந்தறையில் ஒன்பது வருசம்

செந்தூர்பாண்டி மூச்சு விடுவதைக் கேட்டால், பக்கத்து வீட்டில் யாரோ ஈரப் பலகையை ரம்பம் போட்டு அறுக்கிறார்கள் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். வெம்பக்கோட்டைக்கு மேற்கே அந்தத் தெருக்காரர்களுக்கு அது பழகிப்போயிற்று. ஆளுக்கு ஐம்பது வயது ஆகவில்லை. வாசலிலிருந்து தெருக்குழாய் வரை போக நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் வேலியைப் பார்க்கிற மாதிரி, ஆட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பாவனை வேறு. யாரை ஏமாற்ற என்று மாரித்தாய்க்கு எரிச்சலாக வரும். அப்புறம் பாவமாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தீபாவளி முடிந்ததோடு பயராபீசைப் பூட்டிவிட்டார்கள். பட்டாசு ஆலையை அந்தப் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். கார்த்திகை பிறந்துதான் திறப்பார்கள். மாரித்தாய் வீட்டோடு இருந்தாள். கரிசல் குழைந்து காலைப் பிடித்து இழுத்தது. ஈரக் காற்று பட்டால் செந்தூர்பாண்டிக்கு இன்னும் மோசம். ரசஞ்சோற்றைக் கரைத்துக் கொடுத்தால் நாலு வாய் குடித்துவிட்டு, ஓடி வந்தவன் மாதிரி இளைப்பான்.

அப்படி ஒரு நாளில்தான் செந்தூர்பாண்டி முன்பு வேலை பார்த்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கடுதாசி வந்தது. சாத்தூரில் காலேஜ் படிக்கிற மகள் கீர்த்திகா அதைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, வாசித்து, தமிழில் சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்கு வந்த சீக்குக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொல்றாங்க. அங்க போறதுக்கு முன்னாடியே பட்டாசு மருந்துல ஒம்பது வருசம் இருந்திருக்காரு, அதுல வந்ததுதான்னு அவங்க டாக்டரு எளுதியிருக்காரு. மறுத்துச் சொல்லணும்னா வியாழக்கிழம வீடியோவுல விசாரிப்பாங்களாம்."

மாரித்தாய் போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அந்தக் கிணற்றை வெட்டியது அவள்தான்.

செந்தூர்பாண்டி ஆறு வருசம் இருந்தது கடல் கடந்த ஒரு பாலைவனத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாமில், அந்தக் கம்பெனியின் ஆளாக. எந்த ஊர் என்று வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இந்த மனுசன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. 'கேம்ப்பு' என்பதோடு சரி. திரும்பி வந்து இரண்டு வருசமாகியும், மூச்சே போனாலும், அந்தக் கையெழுத்துக்கு இவன் கட்டுப்பட்டுக் கிடந்தான். கையெழுத்து வாங்கினவன் எதற்குக் கட்டுப்பட்டானோ தெரியவில்லை.

அங்கே இவனுக்குக் கழிவு பிரிக்கிற வேலை. பழைய எண்ணெய் தனிப் பீப்பாய், பேட்டரி தனி, பெயிண்ட் தனி, ஆஸ்பத்திரிக் கழிவு தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர். அதற்கு ஒரு தடித்த புத்தகமே இருந்தது. புத்தகத்தில் எல்லாம் பிரிந்து கிடந்தது. லாரியில் எல்லாம் கலந்து வந்தது. பிரிக்க நேரமில்லை என்று மேலாள் கையைக் காட்டுவான். காட்டுகிற பக்கம் குழி. நம் ஊர் ஊருணி அளவுக்கு ஒரு குழி. டயர், பிளாஸ்டிக் பாட்டில், மருந்துப் பாட்டில், காலாவதியான வெளிச்சக் குண்டு, எல்லாம் அதில். மேலே விமான எண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்தால் இரவும் பகலும் எரியும். கண்காணிக்க வருகிறவர்கள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். குழிக்கரையில் நின்று கிளறுகிறவனுக்கு மூக்கை மூட ஒரு துண்டு, அதுவும் அவன் ஊரிலிருந்து கொண்டு போனது.

அவனோடு ஒரே விமானத்தில் போனவர்களெல்லாம் துணி வெளுக்கவும் சமைக்கவும் போனார்கள். இவனைக் குழிக்கு அனுப்பியதற்குக் காரணம் ஒரு காகிதம். 'பட்டாசு ஆலையில் ரசாயனம் கலக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் அனுபவம்.' தீயைத் தெரிந்தவன் என்று மேலாளுக்கு ஒரே சந்தோசம்.

தீயைத் தெரிந்தவள் மாரித்தாய். செந்தூர்பாண்டி மானாவாரியில் மக்காச்சோளம் போட்டு, மழையைப் பார்த்து மோசம் போனவன். பயராபீஸ் வாசலை மிதித்தவனில்லை. மருந்தறையில் விடியற்காலம் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துக் கலந்து கொடுத்ததெல்லாம் அவள். பெண்பிள்ளையை மருந்தறையில் காட்டக்கூடாது என்று பதிவேட்டில் அவளைப் 'பேக்கிங்' என்று எழுதியிருந்தார்கள். ஆகவே அந்த ஒன்பது வருசத்துக்கு ஆளில்லாமல் இருந்தது. ஏஜெண்ட் மணிகண்டராஜ், "மத்த வேலைக்கெல்லாம் ஆளு நெறஞ்சிருச்சு, கழிவு யார்டுல மட்டுந்தான் ஆளு கேக்கான், கெமிக்கல் அனுபவம் வேணும்" என்று கையை விரித்தபோது, மாரித்தாய்தான் போர்மேன் பலவேசத்திடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எம் பேருக்குத்தான் எளுத முடியாது. நான் பாத்த வருசத்த அவுக பேருக்கு எளுதிக் குடுங்களேன். பொய்யில்லயே. அந்த வேல நடந்துதான இருக்கு."

பலவேசத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எழுதி, சீல் வைத்துக் கொடுத்துவிட்டார். இண்டர்வியூவுக்கு முன்னால் பத்து நாள், கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டே புருசனுக்குப் பாடம் நடத்தினாள் மாரித்தாய். அவன் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒப்பித்ததில்லை. தேறினான். அன்றைக்கு அவள் பட்ட சந்தோசத்தை இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிந்தது.

இப்போது கம்பெனி ஒப்புக்கொண்டால் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. சுருங்கிப்போன நுரையீரல் மேலும் சுருங்காமல் பிடித்து வைக்க மருந்து, வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெசின், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால், விருதுநகர் பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னபடி, அடுத்த ஐப்பசி மழையைச் செந்தூர்பாண்டி பார்ப்பது சந்தேகம்.

புதன்கிழமை மழை கொஞ்சம் வெறித்ததும் பலவேசம் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் ஈரக் குடையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. மாப்ளைக்கு எப்படியிருக்கு?"

"அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்தேன்."

"கேளு."

"அந்தக் கடுதாசி எளுதிக் குடுத்தீகள்ல, அது அவுக பாத்த வேல இல்லன்னு இன்னொண்ணு எளுதித் தரணும்."

பலவேசம் குடையை மடக்கினார். திரும்ப விரித்தார்.

"எம்புட்டுப் பேருக்கு எளுதிக் குடுத்திருக்கேன்னு நெனைக்க? உனக்கு எளுதின பெறகு நாலு பேரு வந்து நின்னான். அருள்பாண்டி மகன் இன்னும் அங்கனதான் இருக்கான். ஒண்ணு பொய்யின்னு நான் எளுதினா அம்புட்டும் பொய்யின்னு ஆகும். அவன் பொளப்பு போகும். மொதலாளி என்னயத் தொலைச்சிருவாரு."

"அவுக மூச்சுவிட முடியாமக் கெடக்காக அண்ணாச்சி."

"தெரியுது தாயி."

"அப்ப மருந்தறையில நான்தான் இருந்தேன்னாச்சும் எளுதிக் குடுங்க. அது உண்மதான."

"அது உண்ம. அதத்தான் எளுதவே முடியாது. பொம்பளய மருந்தறையில விட்டேன்னு நானே கையெளுத்துப் போட்டா லைசென்சு என்னாகும்? பொய்யின்னா யோசிக்கலாம், உண்மய எப்படி எளுத?"

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிசமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவர் பெண்டாட்டி பாலம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். மாரித்தாய் அதைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சிவகாசியில் மணிகண்டராஜின் ஆபீஸ். பிரஸ் மேலே ஒரு அறை. கீழே காலண்டர் அச்சு ஓடிக்கொண்டிருந்ததால் தரை நடுங்கிக்கொண்டே இருந்தது. செந்தூர்பாண்டி படியேறி வந்து கால் மணி நேரம் பேசவில்லை. மணிகண்டராஜ் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தான். கெட்ட பையனில்லை, கமிசன் வாங்கிய பாவம் அவனையும் உறுத்திக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் மூன்று முகம் தெரிந்தது. கம்பெனி ஆள் ஒருவர், டாக்டர் ஒருவர், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பெண். அந்தப் பெண் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரிப் பேசினாள்.

"நீங்கள் பட்டாசு ஆலையில் ஒன்பது ஆண்டுகள் பணிபுரிந்ததாகச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். அது உண்மையா?"

"இல்லம்மா. நான் வேல பாக்கல. வெவசாயந்தான்."

அவள் சொல்ல, கம்பெனி ஆள் ஏதோ சொன்னார்.

"அப்படியானால் பொய்ச் சான்றிதழ் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தீர்களா? அப்படியானால் ஒப்பந்தமே செல்லாது என்று சொல்கிறார்."

மணிகண்டராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உண்மை என்றால் சீக்கு பட்டாசால் வந்தது. பொய் என்றால் கேம்ப்பில் வேலை பார்த்ததே செல்லாது.

"மேலும், நீங்கள் அனுபவம் இல்லாதவர் என்பதை நம்ப முடியவில்லை. உங்கள் நேர்முகத் தேர்வின் பதிவு இருக்கிறது. பாருங்கள்."

திரையில் செந்தூர்பாண்டி வந்தான். எட்டு வருசத்துக்கு முந்தின செந்தூர்பாண்டி. கன்னம் நிறைய சதை, மீசை முறுக்கி, சட்டையை உள்ளே விட்டிருந்தான். மாரித்தாய் மறந்தே போயிருந்தாள். இப்படித்தானே ஒருத்தன் இருந்தான்.

அலுமினியப் பொடி நனைந்து சூடேறினால் என்ன செய்வாய் என்று யாரோ கேட்டார்கள். திரையில் இருந்தவன் ஒரே மூச்சில், நிறுத்தாமல், கணீரென்று சொன்னான்:

"தண்ணி ஊத்தவே கூடாது. ஒலந்த மணலப் போட்டு மூடிட்டு வெலகிப் போயிரணும். மருந்தறைக்குள்ள போகும்போது செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போகணும். பருத்திச் சேலதான் உடுத்தணும். வளையல் போடக்கூடாது, கொலுசு போடக்கூடாது, தலையில ஊக்கு குத்தக்கூடாது."

கேட்டவர்கள் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். பதிவு முடிந்தது.

"இவ்வளவு விவரம் வேலை பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மொழிபெயர்க்கிற பெண்.

மாரித்தாய் எழுந்து போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தாள்.

"ஏம்மா, நீயும் பொம்பளதான. எந்த ஆம்பள கொலுசு போடுவான், எவன் சேல கட்டுவான்? அது நான் சொல்லிக் குடுத்தது. அவுக அப்படியே ஒப்பிச்சிருக்காக, லூசு மாதிரி. மருந்தறையில இருந்தது நான்."

அந்தப் பெண்ணின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அங்கே இரண்டு பேரும் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தங்களுக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். செந்தூர்பாண்டி தலையைக் குனிந்து பெண்டாட்டியின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் எத்தனை ஆண்டுகள் அந்த அறையில் வேலை செய்தீர்கள்?"

"அந்த ஒம்பது வருசம். அதுக்குப் பெறகு இன்னைக்கு வரைக்கும் எட்டு வருசம்."

"உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?"

"காய்ச்சக்கூட வந்ததில்ல. மருந்தறைய விட்டு வெளிய வந்து ஒரு வாளப்பளம் தின்னா எல்லாம் எறங்கிரும். பட்டாசு மருந்துதான் அவுகளக் கெடுத்துச்சின்னா, பதினேளு வருசமா அதத் தின்ன நான் எப்படி நிக்கேன்? உங்க குளியிலதான் அவுக கெட்டாக."

டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, முதல்முறையாக நேராக அவளைப் பார்த்தார். மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவர் சொல்வது: அதே அறையில் இரு மடங்கு காலம் இருந்த உங்கள் நுரையீரல் நன்றாக இருந்தால், தன்னுடைய கருத்தை மாற்றி எழுதத் தயார் என்கிறார். நெஞ்சுப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? சான்றிதழ் விசயத்தை அதன் பிறகு பேசலாம் என்கிறார்கள்."

"நாளைக்கே எடுத்து அனுப்புறேன்," என்றாள் மாரித்தாய்.

கீழே இறங்கியதும் மணிகண்டராஜ் டீ வாங்கிக் கொடுத்தான். "அக்கா, வக்கீலுகூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான். கொலுசு! நானும் அன்னைக்கு அதே ரூம்புல இருந்தேன், எனக்குத் தோணலயே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். செந்தூர்பாண்டியும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனாலும் சிரித்தான். அவன் பஸ்ஸில் வரும்போது, "சென்னைக்குப் போறப்ப நீயும் வருவேல்ல?" என்று கேட்டான். "வராம? உங்கள ஒத்தையில விட்டா எவகிட்டயாச்சும் போயி எதையாச்சும் ஒப்பிச்சு வைப்பீக," என்றாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவன் இரண்டாம் முறை சோறு கேட்டான்.

மறுநாள் கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல சேலை உடுத்தி, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினாள் மாரித்தாய். செந்தூர்பாண்டியும் தன் பழைய நெஞ்சுப் படங்கள் அடங்கிய பையை எடுத்துக்கொண்டு கூட வந்தான். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

படம் எடுக்கிற இடத்தில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள்.

"ஒரு தொந்தரவுமில்ல. நல்லா இருக்குன்னு ஒரு படம் வேணும்."

"நல்லா இருக்கிறவங்க யாரும் இங்க வர்றதில்லயேம்மா," என்றான் படம் எடுப்பவன். அவளும் சிரித்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது, பிடித்தாள். இடையில் இருமல் வந்துவிட்டது. இரண்டாவது தடவை எடுத்தான்.

டாக்டர் சின்னப் பெண். படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தாள். அப்புறம் மாரித்தாயைப் பார்த்தாள்.

"என்ன வேலம்மா பாக்குறீங்க?"

மாரித்தாய் சொன்னாள்.

"இருமல் எவ்வளவு நாளா இருக்கு?"

"அது புளுதிக்கு வாறது. எப்பவும் உள்ளதுதான்."

"கூட யார் வந்திருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு."

டாக்டர் ஒரு சீட்டில் எழுத ஆரம்பித்தாள். சளி சோதனை, ஊதிப் பார்க்கிற சோதனை, பெரிய மெசினில் இன்னொரு படம். அவள் எழுத எழுத மாரித்தாய் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே சோதனைகளை இதே வரிசையில் இரண்டு வருசத்துக்கு முன்னால் எழுதி வாங்கியிருக்கிறாள். அப்போது சீட்டில் வேறு பெயர்.

"அம்மா, இனி அந்த வேலைக்குப் போகாதீங்க," என்றாள் டாக்டர்.

வெளியே வந்தபோது செந்தூர்பாண்டி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். தீபாவளிக்குத் துணி வாங்கி வந்தவளைப் பார்த்து நீட்டுகிற மாதிரி இருந்தது. உறையைக் கொடுத்தாள்.

அவன் படத்தை உருவி வானத்துக்கு நேரே பிடித்தான். இந்த இரண்டு வருசத்தில் அவனுக்கு நெஞ்சுப் படம் பார்க்கத் தெரிந்திருந்தது. எங்கே கறுப்பாக இருக்க வேண்டும், எங்கே பஞ்சு சிதறின மாதிரி வெள்ளையாக இருக்கக்கூடாது என்பதெல்லாம் அத்துப்படி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"ஏ பிள்ள, இது என் படம். மாத்திக் குடுத்துட்டாக."

மாரித்தாய் டாக்டர் எழுதிய சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எம்புட்டுக் கவனமில்லாம இருக்கானுக பாரு. போயி உன் படத்த வாங்கிட்டு வா. இல்ல இரி, நான் போயிக் கேக்கேன்."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் ஓரத்தில் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். இங்கிலீஷ் எழுத்து. பீப்பாய் ஸ்டிக்கர்களை வாசித்து வாசித்து அவனுக்கு அந்த எழுத்துகள் பழக்கம். ஒவ்வொன்றாகக் கூட்டினான். பெயரை வாசித்தான். நாற்பத்து மூன்று என்ற வயதை வாசித்தான். தன் பையிலிருந்து பழைய படத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். ஈரக் காற்றில் இரண்டு படமும் சடசடத்தன.

மணிகண்டராஜ் போன் போட்டான். 'படம் வாங்கியாச்சா அக்கா' என்று கேட்கத்தான் இருக்கும். மாரித்தாய் எடுக்கவில்லை.

"இத அவனுகளுக்கு அனுப்பாத," என்றான் செந்தூர்பாண்டி.

"அனுப்பாட்டியும் முடியாதுன்னுதான் சொல்லுவாக."

"ஆமா."

அவளுக்குத் தன்னை நினைத்து அழுகை வரவில்லை. நேற்று அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, பதினேழு வருசமாகத் தின்றேன், நிற்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதுதான் கூசியது. அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். குழியில் வெந்தவனுக்குச் சாட்சி சொல்லப் போய், தன் நெஞ்சே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

செந்தூர்பாண்டி முதலில் மூச்சுக்குத்தான் திணறுகிறான் என்று நினைத்தாள். அப்புறம்தான் அவன் அழுகிறான் என்று தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இந்தச் சீக்கு வந்தபோதும் அழவில்லை. அவனுக்கு அழக்கூட மூச்சுப் போதவில்லை.

"எனக்கு என்ன ஆனாலும் கீர்த்திகாவுக்கு நீ இருப்பே, நீ இருப்பேன்னு," என்றான். நிறுத்தி, இழுத்து, மறுபடி சொன்னான். "அந்தத் தெம்புலதான் பிள்ள இருந்தேன்."

மாரித்தாய் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க. இந்த பஸ்ஸ விட்டா அப்புறம் அஞ்சு மணிக்குத்தான்," என்றாள்.